தொடக்கப் பள்ளிக் கலைத்திட்ட முன்னுரிமைகளும் ஆசிரியர் மனப்பாங்கும்: இங்கிலாந்து

பள்ளியில் கற்பிக்கப்படுவனவற்றுள் எவற்றுக்கு மிகுதியான நேரம், தேர்வு, கண்காணிப்பு ஆகியவை ஒதுக்கப்படுகின்றன என்பதே கலைத்திட்ட முன்னுரிமை எனப்படும். அது மாறும்போது ஆசிரியர்கள் தம் தொழிலை நோக்கும் விதமும் மாறுவது இங்கிலாந்தில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இந்தச் சிக்கல் அங்குப் பழையது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மாணவர் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என 1862-இல் ராபர்ட் லோ வகுத்த முறை கற்பித்தலை இயந்திரத்தனமாக்கிவிட்டதென, பள்ளி ஆய்வாளராகவும் பணியாற்றிய கவிஞர் மத்தேயு ஆர்னால்டு கண்டித்தார்.

1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றையும் மையப் பாடங்களாக்கி, வரலாறு, இசை, ஓவியம் போன்றவற்றை அடுத்த படியில் நிறுத்தியது. அதுவரை என்ன கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் தாமே முடிவுசெய்துவந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது வேலைப்பளுவாக மட்டுமன்றி, தம் தீர்ப்பின் மதிப்புக் குறைந்ததாகவும் தோன்றியது. 1993-இல் ஆசிரியர் சங்கங்கள் தேசியத் தேர்வுகளைப் புறக்கணித்ததை அடுத்து, ரான் டியரிங் தலைமையில் நடந்த மறுஆய்வு பாடச்சுமையைக் குறைத்தது.

எனினும் முன்னுரிமை எப்போதும் வெறுப்பையே விளைவிக்கும் என்பது அவசர முடிவாகும். அறிவியலில் போதிய பயிற்சி இல்லாமல் தொடக்கத்தில் தயங்கிய ஆசிரியர் பலர், அதைக் கட்டாயமாகக் கற்பிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் தன்னம்பிக்கை பெற்றனர். பதினொரு வயது மாணவர் அனைவருக்குமான அறிவியல் தேர்வு 2009-க்குப் பின் கைவிடப்பட்டபோது, அப்பாடம் பள்ளிகளில் பின்தள்ளப்படுவதாக எழுந்த குறைகளையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆண்ட்ரூ பொல்லார்டு, மேரிலின் ஓஸ்பார்ன் முதலியோர் 1989 முதல் நடத்திய நெடுங்கால ஆய்வு, ஆசிரியர்களின் எதிர்வினைகளை இணங்குதல், உள்வாங்குதல், ஆக்கபூர்வமாக இடையீடு செய்தல், ஒதுங்குதல், எதிர்த்தல் என வகைப்படுத்தியது. இவற்றுள் கருதத்தக்கது மூன்றாவதாகும். விதிக்கப்பட்டதை அப்படியே நிறைவேற்றாமலும் மறுக்காமலும், தம் வகுப்பின் தேவைக்கேற்ப அதை வளைத்துக்கொள்ளும் இந்தப் போக்கு, தொழில் சார்ந்த தன்மதிப்பைக் காக்க உதவியது. 1998-இல் வந்த 'எழுத்தறிவு மணி நேரம்', நாள்தோறும் அறுபது நிமிடங்களை 15, 15, 20, 10 எனக் கூறுபோட்டு, அவ்வாறு வளைத்துக்கொள்வதற்கான வாய்ப்பைச் சுருக்கியது. புதிய ஆசிரியர் சிலருக்கு அது துணையாக இருந்தாலும், அனுபவசாலிகள் பலருக்குத் தளையாகவே இருந்தது.

2009-இல் ராபின் அலெக்சாண்டர் தலைமையிலான கேம்பிரிட்ஜ் தொடக்கக் கல்வி மறுஆய்வு, கலைத்திட்டம் 'அடிப்படை', 'ஏனையவை' என இரண்டாகப் பிளவுபட்டுவிட்டதென எச்சரித்தது. பள்ளி ஆய்வு நிறுவனமான ஆஃப்ஸ்டெட் 2019-இல் ஏனைய பாடங்களிலிருந்தும் சிலவற்றைத் தேர்ந்து ஆழமாக ஆராயத் தொடங்கியபோது நெருக்கடி வேறு வடிவம் எடுத்தது. சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் மூன்று நான்கு பாடங்களுக்குப் பொறுப்பேற்று விடையளிக்க நேர்ந்தது.