கிச்சனை 'எக்கோ ஃப்ரெண்ட்லி'யா மாத்தணுமா? முதல்ல எதையும் வாங்காதீங்க!

ஆன்லைனில் 'எக்கோ ஃப்ரெண்ட்லி கிச்சன்' என்று தேடினால் மூங்கில் கரண்டி, கொட்டாங்குச்சி கிண்ணம், கண்ணாடி டப்பா செட் என்று வரிசையாக வந்து விழும். எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் நல்லா இருக்கிற எவர்சில்வர் கரண்டியையும் பிளாஸ்டிக் டப்பாவையும் தூக்கிப் போட்டுவிட்டு இதையெல்லாம் வாங்கினால், முதல் நாளே வீட்டுக் குப்பை ஒரு மூட்டை கூடிவிடும். கையில் இருக்கும் டப்பா உடையும் வரை அதைப் பயன்படுத்துவதுதான் சூழலுக்கு நல்லது.

அப்படின்னா எங்கே தொடங்குவது? சிங்க்குக்குக் கீழே இருக்கும் குப்பைக் கூடையில்.

ஒரே கூடையில் போட்டால் என்ன ஆகும்?

சென்னையில் தினமும் 5 ஆயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. நம் ஊர் வீட்டுக் குப்பையில் சுமார் பாதி, காய்கறித் தோலும் மிஞ்சிய சாப்பாடும்தான். மண்ணில் கிடந்தால் தானாக மக்கிவிடும் பொருள் இது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதை பிளாஸ்டிக் கவரில் கட்டி, மற்ற குப்பையோடு சேர்த்து, கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கிடங்குகளில் மலையாகக் குவிக்கும்போது.

குவியலின் அடியில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் உணவு அழுகினால் மீத்தேன் வாயு வரும். 100 ஆண்டு கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வலுவானது. அது எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி கிடங்கில் பிடித்த தீயை அணைக்க நாள் கணக்கில் போராட வேண்டியிருந்தது. சுற்றுவட்டார மக்கள் புகையில் தவித்தார்கள். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் இதே கதை. அங்கே ஒரு வாரத்துக்கும் மேல் புகை அடங்கவில்லை. பெருங்குடி கிடங்கை ஒட்டியே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குப்பையிலிருந்து கசியும் கருப்புத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் அது.

இன்னொரு பக்கம், சாம்பார் கொட்டிய பேப்பரையும் தயிர் ஒட்டிய கவரையும் எந்தப் பழைய இரும்பு, பேப்பர் கடைக்காரரும் எடுக்க மாட்டார். கலந்து கொடுத்த குப்பையை யாராவது பிரித்துத்தான் ஆக வேண்டும். அதைச் செய்வது தூய்மைப் பணியாளரின் கை. உடைந்த கண்ணாடி, ஊசி, டயப்பர் எல்லாம் அதே கவருக்குள் இருக்கும்.

2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, மூன்றாவதாக பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து மாதிரியான ஆபத்தான குப்பை. 5 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்பு வளாகங்கள், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்றும் அதில் இருந்தது. பிரிக்க புதுசா கூடை வாங்கணுமா? வேண்டாம். பழைய பெயிண்ட் வாளி ஒன்று போதும்.

ஃபிளாட்டில் உரம் போட முடியுமா? நாத்தம் வராதா?

முடியும். சரியாகப் போட்டால் மண் வாசனைதான் வரும். பால்கனியில் ஒரு வாளி வைக்க இடம் இருந்தால் போதும்.

20 லிட்டர் வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டை போடுங்கள். அடியில் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ ஒரு அடுக்கு. தினமும் சேரும் காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல், முட்டை ஓடு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதன் மேல் அதே அளவுக்குக் காய்ந்த இலை, தென்னைநார்த் தூள் அல்லது மரத்தூள் போட்டு மூடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் வேலை தொடங்கும். மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை குச்சியால் கிளறி விடணும், உள்ளே காற்று போவதற்காக. வாளி நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளியைத் தொடங்கலாம். சுமார் இரண்டு மாதத்தில் முதல் வாளி உரமாகிவிடும்.

பலர் முதல் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவதற்குக் காரணம் ஈரம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறதா? அப்படியென்றால் காய்ந்த இலை பத்தவில்லை. நாத்தம் வந்தாலும் இதுதான் மருந்து: இன்னும் இரண்டு கை காய்ந்த இலை, ஒரு கிளறு. புழு வந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். பழுப்பு நிறத்தில் பருத்த புழுக்கள் குப்பையைத் தின்று உரமாக்க உதவுபவை. மீன் கழிவு, கறி எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை மட்டும் வீட்டு வாளியில் போட வேண்டாம், எலி தேடி வரும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் மக்கும் குப்பையைக் கவரில் கட்டாமல் தனியாகக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

கேஸ் எங்கே வீணாகிறது?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி இருக்கிறது. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு சிலிண்டர் தீரும்போது 42 கிலோவுக்கு மேல் காற்றில் கலந்திருக்கும். நாட்டின் எல்பிஜி தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால், மிச்சம் பிடிப்பது பர்ஸுக்கும் நல்லது.

அதிகம் வீணாவது குக்கர் விசிலில்தான். குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடாகும். பருப்பு சீக்கிரம் வேகக் காரணம் அதுதான். அந்த அழுத்தம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளமே முதல் விசில். அதற்குப் பிறகு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் உள்ளே சூடு மேலும் ஏறாது. கூடுதல் கேஸ் எல்லாம் நீராவியாகி விசில் வழியே வெளியே போய்விடும். "ஆறு விசில் விடணும்" என்று எண்ணிக்கொண்டு நிற்பதைவிட, முதல் விசிலோடு சிம்மில் வைத்து நிமிடக் கணக்கில் இறக்குவது மேல். கொண்டைக்கடலை, ராஜ்மாவை முந்தைய இரவே ஊறப்போட்டால் அடுப்பில் இருக்கும் நேரம் இன்னும் குறையும்.

மற்றவை உங்களுக்கே தெரிந்தவைதான். பாத்திரத்தின் அடியைத் தாண்டி தீ வெளியே வரக்கூடாது, மூடி போட்டுக் கொதிக்க வைக்கணும், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலைக் கொஞ்சம் நேரம் வெளியே வைத்துவிட்டுக் காய்ச்சணும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், கேஸ் முழுசா எரியவில்லை என்று அர்த்தம்.

கேரளாவில் சோறு வடிக்க சூடாறாப்பெட்டி என்று ஒன்று வைத்திருப்பார்கள். அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு, பானையோடு சூடு வெளியே போகாத பெட்டிக்குள் வைத்துவிட்டால் மீதி தானாகவே வெந்துவிடும். இங்கே தெர்மல் குக்கர் என்று விற்பதும் அதே தத்துவம்தான். புழுங்கல் அரிசி வடிக்கும் வீடுகளுக்கு, புதுசா வாங்குவதென்றால் யோசிக்கத்தக்க ஒரே சாமான் இது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் பசுமையா?

இதுக்கு 'ஆமாம்' என்று பட்டென்று சொல்லிவிட முடியாது. இண்டக்‌ஷனில் சூடு வீணாவது குறைவு. கிச்சனுக்குள் புகையும் இல்லை. ஆனால் இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

ஒரு சிலிண்டரில் சமைப்பதை இண்டக்‌ஷனில் சமைக்க தோராயமாக 130 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 90 கிலோ வருகிறது. சிலிண்டர் எரிவதில் வருவதைப் போல இரண்டு மடங்கு! கேஸ் கப்பலிலும் லாரியிலும் வருவதற்கான புகையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இன்றைய நிலையில் இண்டக்‌ஷன் தெளிவாக ஜெயிக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

கூரையில் சோலார் பேனல் இருந்தால் கதையே வேறு. பகலில் சமையலை அதில் முடித்துவிடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் உண்டு. பேனல் இல்லாத வீட்டில், கேஸ் அடுப்பு நன்றாக வேலை செய்யும்போது பசுமைக்காக மட்டும் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

சட்டியில் மிஞ்சுவது

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. நாலு பேர் வீட்டுக்கு 220 கிலோ. தோல், எலும்பு மாதிரி சாப்பிட முடியாததும் இதில் அடக்கம். இது மதிப்பீடுதான், ஒவ்வொரு வீட்டிலும் எடை போட்டது அல்ல. ஆனாலும் நெல் விளைந்த தண்ணீர், உரம், லாரி டீசல், அடுப்பு கேஸ் என்று எல்லாம் செலவான பிறகு கொட்டப்படும் சோறு, பச்சைக் காய்கறித் தோலைவிடப் பெரிய நஷ்டம்.

கண்ணளவில் போடாமல் டம்ளரில் அளந்து அரிசி போடும் வீட்டில் சோறு மிஞ்சுவது குறைவு. மிஞ்சினால் பழைய சோறு இருக்கவே இருக்கு. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, முள்ளங்கி இலையில் பொரியல் என்று பாட்டிமார் செய்ததை இப்போது வெளிநாட்டு சமையல்காரர்கள் புது டிரெண்டாகச் சொல்கிறார்கள். நம்ம வீட்டில் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெய், ஆர்ஓ தண்ணீர், பால் கவர்

பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும், கழிவுநீரும் கெடும். நன்றாக ஆறிய பிறகு பழைய பேப்பரில் உறிஞ்ச வைத்தோ, பாட்டிலில் மூடியோ கொடுங்கள். ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் குடிநீருக்குப் பல சமயம் இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டால் தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் ஆகும். உப்பு அதிகம் என்பதால் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

கடையில் 'மக்கும் பை' என்று தரும் கவர்களில் பல, தொழிற்கூடத்தில் உரம் தயாரிக்கும் அளவு சூட்டில்தான் மக்கும். பால்கனி வாளியில் போட்டால் அப்படியே கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. வீட்டு அலமாரியில் கல்யாண வீட்டு மஞ்சப்பை எப்படியும் நாலஞ்சு இருக்கும்.

பால் கவர் மட்டும் தனி. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் அதை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்து எடுக்காமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்த நகத்தளவு துண்டு தனியாகப் போனால் குப்பை பிரிப்பவர் கையில் சிக்காது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.