பிடிப்பும் தேய்மானமும்: தென்காசி வட்டாரத்து மூட்டு, முதுகு நோய்ச் சொற்களின் வரலாறு

தமிழ் மருத்துவ வரலாற்றை ஆராயப் புகுவார் பெரும்பாலும் ஏடுகளையே நாடுவர். ஏடு மருத்துவன் எழுதியது. நோயாளன் எழுதிவைத்தது யாதுமில்லை. அவன் வாயினின்று பிறந்த சொற்களே வழக்கில் எஞ்சி நிற்கின்றன. என்பு, மூட்டு, முதுகந்தண்டு ஆகியவற்றின் நோய்களைப் பொறுத்தவரை அச்சொற்கள் ஏடுகளுக்கு இணையான வரலாற்றுச் சான்றுகளாம் என்பதும், அண்மைக் காலத்தே அச்சொற்களுள் நேர்ந்த ஒரு மாற்றம் நோயாளரின் ஒழுகலாற்றையே மாற்றியுள்ளது என்பதும் யாம் ஈண்டுக் கூறக் கருதியவை. களமாகக் கொண்டது தென்காசிக்கு அணித்தாகிய சுந்தரபாண்டியபுரமும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியுமாகும். குற்றாலத்து அருவி ஒருபால், பண்டு திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த செங்கோட்டை ஒருபால், ஆய்க்குடி ஒருபால் என மூவேறு மருத்துவ நெறிகள் இவ்வூரினின்று ஒரு பகலிற் சென்று மீளத்தக்க தொலைவில் அமைந்துள்ளமையே இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

பாண்டியன் பெயர் தாங்கிய இவ்வூர் உழவூர். நெல்வயலும், சாரற் பருவத்தை ஒட்டி மஞ்சள் விரித்தாற்போலப் பூத்து நிற்கும் சூரியகாந்திப் புனமும் இதன் செல்வங்கள். நாற்று நடுதலும் களை பறித்தலும் குனிந்தே செய்யும் தொழில்கள். வயல்வேலை இல்லாத நாளிலும் இவ்வட்டாரப் பெண்டிர் பலர் முறத்தை மடியில் இருத்திக் கழுத்தைத் தாழ்த்திப் பீடி சுற்றுகின்றனர். ஆகவே கழுத்தும் இடுப்பும் முழங்காலும் இங்கு நாளும் பேசப்படும் பொருள்களாயின. இடுப்பின் பின்புறத்தை நெல்லை நாட்டார் ‘குறுக்கு’ என்பர். உடலின் நெடுமையைக் குறுக்கே வெட்டும் இடம் என்பது கருத்துப்போலும்.

நோவினைக் குறிக்க இம்மக்கள் ஆளும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல என்பது முதற்கண் நோக்கத்தக்கது. கடுப்பு என்பது மிக்க உழைப்பின்பின் தசையில் தோன்றுவது, ஓய்ந்தால் தணிவது. உளைச்சல் ஓய்ந்து கிடக்கும்போதே மிகுவது, இரவிற்குரியது. குடைச்சல் என்பினுள்ளே துளையிட்டாற் போல்வது. சுளுக்கு ஒரு நொடியில் நேர்வது. இன்ன பொழுதில், இன்னது செய்கையில் என்று நோயாளனே காலமும் இடமும் கூறுவான். பிடிப்பு அசைய விடாது பற்றிக்கொள்வது. மரத்தல் நோவே இல்லாமை. ஆயினும் மக்கள் அதனை நோவினும் அஞ்சுவர். இக்கால முடநீக்கியல் மருத்துவர் முதலிற் கேட்கும் வினாக்களும் இவையே: உழைக்கும்போது நோவா, ஓய்வில் நோவா? இரவில் விழிக்கச் செய்கிறதா? கால் மரக்கிறதா? ஓய்விலும் இரவிலும் மிகும் நோவு அழற்சியையோ தொற்றையோ கட்டியையோ குறிக்கலாம். மரத்தல் நரம்பு நெருக்குண்டமையைக் குறிக்கலாம். நூலறிவில்லார் எனப்பட்டோர் தம் உடம்பையே நூலாக ஓதி வகுத்த பாகுபாடு இது. அகராதிகளோ இவையனைத்தையும் ‘வலி, நோவு’ என்னும் இரண்டனுள் அடக்கிவிடுகின்றன. இக்குறை களையப்படல் வேண்டும்.

மூட்டுகளின் பெயர்களும் இவ்வாறே தொழிலினின்றும் நிலத்தினின்றும் எழுந்தவை. மூங்கிலுக்கும் கரும்புக்கும் உரிய கணு, கணுக்காலுக்கும் ஆயிற்று. தச்சன் கதவிற் பொருத்தும் கீல், உடம்பின் கீலாகிக் கீல்வாயு, கீல்வாதம் என்னும் நோய்ப்பெயர்களை ஈன்றது. எழுத்துப் புணர்ச்சியைச் சந்தி என்னும் இலக்கணத்தாரும் மூட்டினைச் சந்து என்னும் வைத்தியரும் ஒரு சொல்லின் இரு வடிவங்களையே ஆள்கின்றனர். முதுகந்தண்டிற்கு யோக நூல்களும் சித்தர் நூல்களும் வழங்கும் வீணாத்தண்டு என்னும் பெயரோ யாழ்போலும் கருவியைக் கண்டவர் இட்டது. இவற்றுள் எப்பெயரும் உடம்பைத் தேய்ந்து அழியும் பொருளாகக் கருதவில்லை. பொருந்துவது, மடங்குவது, இசைவது என்றே கருதின. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இனி ஏட்டு மருத்துவத்தை நோக்குவோம். வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வளி முதலாய மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்றார். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக விரித்தது. உதிரவாத சுரோணிதம், கும்பவாதம், தண்டகவாதம் என வரும் அவற்றுள் பல மூட்டையும் முதுகையும் பற்றியன. நோவு இடம்விட்டு இடம் பெயர்வதும், மழைக்காலத்தில் மிகுவதும், சூட்டால் தணிவதும் காற்றின் இயல்போடு ஒத்தலின் வளியே காரணமெனக் கொண்டனர். இது மூடத்தனமன்று, கண்டதினின்று காணாததை அளந்த முயற்சியே. மூலிகைகளின் பெயரிலும் இவ்வெண்ணம் பதிந்துள்ளது. முடக்கை அறுப்பது முடக்கறுத்தான். மக்கள் நாவில் முடக்கத்தான் ஆயிற்று. வாதநாராயணன் என்னும் மரமும் அவ்வகையதே.

இம்மருந்துகள் ஏட்டளவில் நின்றவை அல்ல என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, வீரசோழன் எனப் பெயரிய ஆதுலர்சாலை ஒன்றைக் கூறுகின்றது. அதன்கண் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவனும், சல்லியக்கிரியை செய்வானும், மருந்து கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் சம்பளம் பெற்றனர். இருப்பில் வைக்கப்பெற்ற மருந்துகளின் பட்டியலில் ஏரண்டம், அஃதாவது ஆமணக்கு, சேர்ந்த தைலங்கள் இடம்பெற்றுள்ளன. ஆமணக்கெண்ணெய் வாதத்திற்கு உரியதாக இன்றளவும் கருதப்படுவது. சாலையில் நோயாளரைப் பேணுவார்க்கென இடம் ஒதுக்கப்பட்டமையையும் குறித்துக் கொள்வோம். மருந்தின் நான்கு உறுப்புகளுள் உழைச்செல்வானை ஒன்றாக வைத்த வள்ளுவர் கருத்து, ஈண்டுச் சம்பளக் கணக்காகவே மாறி நிற்கின்றது.

குற்றாலத்தில் நோயாளனாகக் கருதப்பட்டவன் இறைவனே. அகத்தியர் திருமாலின் தலையை அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணக் கதை. அவ்வழுத்தத்தால் உண்டான தலைநோவு தீர மூலிகைத் தைலம் சாத்துதலும், அருவிச் சாரலின் குளிர் தாக்காதிருக்கக் கசாயம் படைத்தலும் குற்றாலநாதர் கோயில் வழக்கங்கள். ஊரார் தமக்குச் செய்துகொண்டதையே இறைவனுக்கும் செய்தனர் என்று கொள்ளலாம். சாரற் பருவத்தில் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவார் அருவியின் பாங்கர் அமர்ந்திருக்க, வந்தோர் உடல் முழுதும் எண்ணெயோடு பேரருவியின்கீழ் நிற்கும் காட்சி யாவரும் அறிந்ததே. மேலிருந்து விழும் நீர் பொங்குமாங்கடலில் ஒருமுறை தங்கி வேகம் தணிந்தே கீழிறங்குதலால் மாந்தர் அதன்கீழ் நிற்க இயல்கின்றது.

இதனாற் பயன் உண்டா? தசை இறுக்கத்தால் வரும் நோவுக்கு உண்டு. தேய்த்துப் பிடித்தலும் நீரின் அடியும் சின்னாட்களுக்கேனும் அதனைத் தளர்த்தும். என்பு நொய்ந்த முதியோர்க்கும், கழுத்து நரம்பு நெருக்குண்டார்க்கும் அதே நீரின் அடி தீங்காகவும் முடியும். வாதம் என்னும் ஒரு பெயரின்கீழ் இருவரும் அடங்குதலே இடர். இவ்விடருக்கு அருவியினும் அழுத்தமான சான்று சென்னை மாகாணத்தின் வடபுறத்தே கிடைத்தது. நெல்லூர்ப் பகுதியில் சிற்றூர் மக்கள் பலர் முதுகு மரக்கட்டைபோல் விறைத்துக் குனியவும் திரும்பவும் இயலாராயினர். 1937இல் ஷார்ட் என்பாரும் உடனாய்வாளரும் அதற்குக் காரணம் கிணற்று நீரிற் கலந்த புளூரைடு என நிறுவினர். தைலம் எத்துணைத் தேய்ப்பினும் நீரை மாற்றாக்கால் அந்நோய் தீராது. முதுகந்தண்டில் காசம் பற்றிக் கூன் விழுதலும் இத்தகையதே. 1779இல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை விரித்துரைத்தார். இன்று மருந்தால் தீரக்கூடிய அந்நோய், தடவலிலும் ஒற்றடத்திலும் திங்கள் பல கழிந்தபின் கால் செயலிழந்த நிலையில் மருத்துவரைச் சேருமாயின் முழுதும் மீட்டல் அரிது. சித்த மருத்துவத்தைப் போற்றுவார் இதனை மறைத்தல் அம்மருத்துவத்திற்குச் செய்யும் தொண்டாகாது.

என்பு முறிவுக்கு வருவோம். செங்கோட்டைப் பகுதியும் குமரிமாவட்டப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியைச் சார்ந்திருந்தன. ஆகலின் தெற்கத்தி வர்ம மரபு இவ்வட்டாரத்திற்கு அயலன்று. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை வகுத்த அம்மரபு, ஒடிவு முறிவு என்னும் தொடரை நூற்பெயராகவே ஆண்டது. ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதியினின்று பரவிய புத்தூர்க் கட்டோ தமிழகச் சாலையோரப் பலகைகளில் எல்லாம் எழுதப்பட்டுள்ளது. மூங்கிற் பத்தையும் துணியும் முட்டை வெண்கருவுமே அதன் கருவிகள். முறிந்த என்பு தானே கூடும் இயல்பினது. கூடும்வரை அசையாது நேரே நிறுத்துதலே கட்டின் பணி. இவ்வுண்மையை நாட்டுக் கட்டுவைத்தியர் நன்கறிந்திருந்தனர்.

அவர்களை இகழ்வார்க்கு இரு செய்திகள் கூறுவோம். ஆங்கிலேயரின் முடநீக்கியற் கலைக்குத் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வேல்சு நாட்டுக் கட்டுவைத்தியர் குடியிற் பிறந்தவர்; தொடையெலும்பு முறிவுக்கு அவர் அமைத்த தாங்கி முதல் உலகப்போரில் உயிர்கள் பலவற்றைக் காத்தது. இறுகக் கட்டிய கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டுக் கை சூம்பி மடங்கும் கேட்டினை 1881இல் விளக்கிய ஃபோல்க்மன், செர்மானிய அறுவை மருத்துவர். கட்டின் கேடு நாட்டு வைத்தியர்க்கே உரியதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் விரல் நீலம் பாய்ந்தால் கட்டை அவிழ்த்தல் வேண்டும் என்னும் அறிவு எல்லாக் கட்டுவைத்தியரிடத்தும் ஒப்ப இருந்ததெனக் கொள்ளற்கில்லை. கட்டினால் உறுப்பிழந்தோர் உளர்.

இவ்வளவும் பழைய சொற்களின் உலகம். இனிப் புதிய சொல்லுக்கு வருவோம். 1895இல் ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அதன்பின் நோயாளன் தன் என்பைத் தானே காணும் நிலை உண்டாயிற்று. படத்தை ஒளிக்கெதிரே பிடித்து மருத்துவர் கூறிய ஒரு சொல் இன்று ஊர்தோறும் வழங்குகின்றது: ‘தேய்மானம்’. எலும்பு தேய்மானம், சவ்வு தேய்மானம், கழுத்துத் தேய்மானம் என்பன இன்று சுந்தரபாண்டியபுரத்து மூதாட்டியும் இயல்பாகக் கூறும் தொடர்கள். பொன்னுக்கும் பொறிக்கும் உரிய சொல் இது. பொற்கொல்லன் கணக்கிலும் ஆலைக் கணக்கிலும் தேய்ந்தது மீளாது, கழித்தெழுதப்படும்.

பிடிப்பு என்றவரை, பிடித்தது விடும் என்னும் நம்பிக்கை அச்சொல்லினுள்ளேயே இருந்தது. கால் முன்னாகப் பிறந்தவர் இடுப்பை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கை அறிவியலுக்கு ஒவ்வாததாயினும், நோயாளனை மீண்டும் எழுந்து நடக்கச் செய்தது. தேய்மானம் என்றதும் அவன் நடையைக் குறைக்கின்றான். மிச்சமுள்ளதைச் செலவிடாது காக்கும் கருமியின் மனநிலை அவனை வந்தடைகின்றது. மாடிப்படி ஏறான்; கோயில் வலம் வரான்; கீழே அமரான். விளைவு என்னை? அசையாமையால் தொடைத்தசை மெலிய, மூட்டின்மேற் சுமை மிக, நோவு வளர்கின்றது. இக்கால ஆய்வுகளோ வேறு கூறுகின்றன. படத்திற் காணும் மாற்றமும் நோயாளன் உணரும் நோவும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. பெருமாற்றம் உடையார் நோவின்றி உலவுதலும், சிறுமாற்றம் உடையார் பெரிதும் வருந்துதலும் உண்டு. முழங்கால் நோவுக்குத் தக்க உடற்பயிற்சியே முதன்மையான மருத்துவமாக இன்று கூறப்படுகின்றது. மூட்டு உயிருள்ளது, அளவான இயக்கத்தால் ஊட்டம் பெறுவது. கணு, கீல், பொருத்து என்றெல்லாம் இயங்குவதாகவே அதனைக் கண்ட பழஞ்சொற்கள் இவ்வுண்மைக்கு அணுக்கமாயிருத்தல் வியப்பே. ஒரு சொல்லை மொழிபெயர்த்த மருத்துவர், அச்சொல் கேட்போன் உள்ளத்தில் என்ன செய்யும் என எண்ணிப் பார்த்திலர். கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமரும் தமிழறிஞர் இதனைக் கருதுதல் வேண்டும் என யாம் விரும்புகின்றோம்.

பிடிப்புமன்றித் தேய்மானமுமன்றி நிற்பது மூன்றாவது நிலை: தண்டுவடம் அறுதல். கழுத்தென்பு பெயர்ந்து கைகால் செயலற்றவனை, மருத்துவம் செய்தற்குரியன் அல்லன் என்று எகிப்தியரின் பழைய மருத்துவச் சுவடியாகிய எட்வின் சுமித் பாப்பிரசு ஒதுக்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் உலகெங்கும் அதுவே நிலை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அத்தகையோர் மாய்ந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவே அதனை மாற்றியது. அவர் அறுந்த தண்டை ஒட்டவில்லை. நோயாளனைப் பேணும் முறையைத் திருத்தினார். உழைச்செல்வானின் தொழில் அங்கு மருத்துவத்தின் நடுவிடத்தைப் பெற்றது.

சுந்தரபாண்டியபுரத்துக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் வீழ்ந்து கழுத்துத் தண்டுவடம் சிதைந்து, கழுத்திற்குக் கீழ் செயலிழந்தார். 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த அவ்வாண்டில், தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் என்பாரின் பெயரால் அமைந்தது அச்சங்கம். பின்னாளில் தண்டுவடம் சிதைந்தோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் இடமாகவும் அது வளர்ந்தது. 2020இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஈண்டு நோயாளனின் வினாவே வேறாகின்றது. நோவு தீருமா என்பதன்று, நடப்பேனா என்பதுமன்று. சக்கர நாற்காலியிற் கடைக்குச் செல்வது எங்ஙனம், புண் வராது படுப்பது எங்ஙனம், மீண்டும் பொருளீட்டுவது எங்ஙனம் என்பன. முடம் என்னும் அடியினின்று முடவன், முடக்கு, முடக்குவாதம் என நோயையும் ஆளையும் ஒன்றாக்கிய தமிழ்வழக்கு, முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாகாது என்று பழமொழியும் செய்து வைத்தது. தேனருவி விழும் மலையின் அடிவாரத்தில், ஆய்க்குடிப் பயிற்சிக்கூடத்தில், தண்டுவடம் அறுந்தோர் படுக்கையினின்று நாற்காலிக்கு மாறும் வித்தையைக் கைகளாற் கற்று வருகின்றனர். அவர்கள் தமக்குள் வழங்கும் சொற்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை.