நீக்கப்பட்ட 27 ஆட்டங்கள்

சட்டசபையில் யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் சபாநாயகர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்கிறார். பேசியது எல்லோர் காதிலும் விழுந்தாகிவிட்டது. மறுநாள் காலை டீக்கடையில் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பில் மட்டும் அது இல்லை. 2020 மார்ச் 26 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் இந்தக் காரியத்தை ஒரு முழு ஸீஸனுக்குச் செய்தது. தேசிய லீக்கின் பிரிவுகளுக்குக் கீழே உள்ள படிகளில், 2019 ஆகஸ்டில் தொடங்கி அதுவரை ஆடிய லீக் ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் பதிவிலிருந்து நீக்கப்படும். பட்டம் இல்லை, மேல்படிக்கு ஏறுவது இல்லை, கீழ்ப்படிக்கு இறங்குவதும் இல்லை.

ஜெர்ஸி புல்ஸ் என்று ஒரு கிளப். பிரெஞ்சுக் கரையோரம் கிடக்கும் ஜெர்ஸித் தீவைச் சேர்ந்தது. அதுதான் அவர்களுக்கு முதல் ஸீஸன். கடல் தாண்டி ஆட வரும் எதிரணிகளின் பயணச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு லீக்கில் இடம் பிடித்தவர்கள். 27 ஆட்டம் ஆடினார்கள். 27-லும் ஜெயித்தார்கள். அடுத்த படிக்கு ஏறுவது கணக்குப்படி ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. அறிக்கை வெளியான அன்று அந்த 27-உம் இல்லாமல் போயிற்று.

ஒரு கிருமி, ஆடவிருக்கும் ஆட்டத்தை நிறுத்துவது எனக்குப் புரிகிறது. ஆடி முடித்த ஆட்டத்தை அது எப்படி நிறுத்தும்? அதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும், ஒரு பேனா வேண்டும். கொள்ளைநோய் கால்பந்தைக் குலைத்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிருமியைப் பற்றியே எழுதுகிறார்கள். பேனாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சம்பவத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. மூன்றாவது தென் அமெரிக்க சாம்பியன்ஷிப் 1918-இல் ரியோ டி ஜெனெய்ரோவில் நடந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் இன்புளுயன்ஸா வந்தது. ரியோவில் மட்டும் சுமார் 15,000 பேர் செத்தார்கள். இரண்டாம் முறை ஜனாதிபதியாகத் தேர்வான ரோட்ரிகஸ் ஆல்வெஸ் நவம்பரில் பதவிப் பிரமாணம் எடுக்க முடியாமல் படுக்கையில் கிடந்து 1919 ஜனவரியில் இறந்தார். போட்டியைத் தள்ளிவைத்தார்கள், 1919 மே மாதம் நடத்தினார்கள். அவ்வளவுதான். வழக்கு இல்லை, நஷ்டஈடு இல்லை. 1919-இல் நடந்ததால் அது 1919-ஆம் ஆண்டுப் போட்டி என்றே பதிவாயிற்று.

நான்கு நாடுகள் ஆடின. பிரேஸிலும் உருகுவேயும் சம புள்ளிகளில் நிற்க, மே 29 அன்று மறுபடி மோதின. தொண்ணூறு நிமிஷம் கோல் இல்லை. மேலும் முப்பது நிமிஷம், அதிலும் இல்லை. இன்னும் முப்பது. 122-ஆம் நிமிஷத்தில் ஃப்ரீடன்ரைக் கோல் அடித்தார். ஆட்டம் 150 நிமிஷம் முழுக்க நடந்துதான் முடிந்தது. பிக்ஸின்கின்யா அந்த முடிவையே, 1-0 என்பதையே, தலைப்பாக வைத்து ஒரு இசைத்துணுக்கு செய்தார், இன்றும் வாசிக்கிறார்கள். போட்டியின் நடுவே சிலிக்கு எதிராக ஆடுகையில் அடிபட்ட உருகுவேயின் கோல்கீப்பர் ராபர்ட்டோ செரி, இறுதியாட்டத்துக்கு மறுநாள் ரியோவிலேயே இறந்துபோனார். அவர் நினைவாக ஜூன் 1 அன்று அர்ஜென்டினாவும் பிரேஸிலும் அட்டவணையில் இல்லாத ஓர் ஆட்டம் ஆடின, 3-3. கொள்ளைநோய்க்காக ஒரு போட்டியை ஓராண்டு தள்ள முடிந்த அதே அட்டவணையில், செத்துப்போன ஒருவனுக்காக ஓர் ஆட்டத்தைச் சேர்க்கவும் இடம் இருந்தது. (ஃப்ரீடன்ரைக் வாழ்நாளில் 1,329 கோல் அடித்தார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். தேடிப் பார்த்தவர்களுக்கு ஆவணம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பதிவேடு அப்படி. அதன் அலட்சியத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை.)

இங்கிலாந்தில் 1918-இல் இந்தச் சிக்கலே எழவில்லை. போரினால் 1915-இலிருந்தே அங்கே அதிகாரபூர்வ லீக் நின்றிருந்தது. பிராந்திய ஆட்டங்கள் மட்டும் நடந்தன. குலைப்பதற்கு ஸீஸன் ஒன்று இருந்தால்தானே நோய் அதைக் குலைக்கும். அவர்களுக்குக் கிடைத்த ஒரே முன்னுதாரணம் அடுத்த போரில்: 1939-இல் மூன்று சுற்று ஆடியதும் லீக் நின்றது. பிளாக்பூல் மூன்றையும் ஜெயித்து முதலிடத்தில் இருந்தது. அந்த மூன்று சுற்றும் கணக்கில் சேரவில்லை. ஆனால் போர் முடிந்து 1946-இல் லீக் மறுபடி கூடியபோது, 1939-க்குப் போட்ட அட்டவணையையே எடுத்து ஆடினார்கள். ஏழு வருஷத்தில் எத்தனையோ ஆட்டக்காரர்கள் செத்தும் வயதாகியும் போயிருக்க, யார் யாரோடு எந்த வாரம் என்பது மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு இந்த அட்டவணை வேறொரு ஜந்துவாக வளர்ந்துவிட்டது. உள்நாட்டு லீக், கோப்பைகள், ஐரோப்பியப் போட்டிகள், தேசிய அணி ஆட்டங்கள் எல்லாம் ஒன்றின் இடுக்கில் ஒன்று செருகப்பட்டிருக்கின்றன. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிகின்றன. தொலைக்காட்சிக்காரர்கள் இந்த நாள் இந்த மணி என்று விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்றை நகர்த்தினால் எல்லாம் சரியும். ஆகவே யாரும் நகர்த்தத் துணிவதில்லை. 2020-இல் இதன் விலையை மனிதர்கள் கொடுத்தார்கள். பிப்ரவரி 19 அன்று அட்டலாண்டா கிளப் வாலென்ஸியாவோடு ஆடியது. தன் ஊரான பெர்காமோவின் மைதானம் போதாதென்று மிலான் நகரில். பெர்காமோவிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் ரயிலிலுமாக நாற்பதாயிரம் பேர் போய், 4-1 வெற்றியைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடித் திரும்பினார்கள். அடுத்த மாதம் அதே பெர்காமோவில் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் எடுத்துச் சென்றன. அந்த ஆட்டம் மட்டும் காரணமில்லை. கிருமி ஏற்கெனவே அங்கே இருந்தது. நோயின் பரவலுக்கு அந்த இரவும் உதவியது என்பதை ஊரே பிறகு ஒப்புக்கொண்டது.

ஆனால் மார்ச் 11 அன்று லிவர்பூலில் நடந்ததற்கு, தெரியாது என்ற சமாதானம்கூட இல்லை. மாட்ரிட்டில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஸ்பெயினில் பார்வையாளர்கள் இல்லாமல் ஆட வேண்டும் என்ற உத்தரவும் வந்துவிட்டது. தன் ஊரில் உட்கார்ந்து பார்க்க முடியாத ஆட்டத்தை மாட்ரிட்காரர்கள் மூவாயிரம் பேர் விமானம் ஏறி லிவர்பூலில் போய்ப் பார்த்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மறுநாள் இரவு ஆர்ஸனல் பயிற்சியாளர் மிக்கெல் ஆர்ட்டெட்டாவுக்கு நோய் இருப்பதாகத் தெரிந்தது. மார்ச் 13 அன்று லீக் நின்றது. நோய் ஊருக்குள் வந்தபோது நிற்காதது, ஆபீஸுக்குள் வந்ததும் நின்றது.

நின்றதை எப்படி முடிப்பது என்ற கேள்விக்கு ஒரே நாட்டுக்குள் மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. பிரீமியர் லீக்கில் 92 ஆட்டங்கள் மிச்சம்; பரிசோதனை, பூட்டிய மைதானம் என்று எல்லா ஏற்பாடும் செய்து, 92-ஐயும் ஆடி முடித்தார்கள். மூன்றாம் நான்காம் பிரிவுகளில் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்து முடித்தார்கள். அதற்கும் கீழே, முன்பே சொன்னேன், அழித்தார்கள். பணம் எங்கே இருந்ததோ அங்கே நிகழ்ச்சிக்கு முடிவு கிடைத்தது. கொஞ்சம் குறைந்த இடத்தில் ஊகம் கிடைத்தது. ஒன்றுமில்லாத இடத்தில் நிகழ்ச்சியே இல்லை என்றாயிற்று.

பெண்களின் முதல் பிரிவு எந்த ரகம் என்று கேட்கலாம். அதுவும் வகுத்தல் கணக்குதான். மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டத்தில் 40 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தது. செல்ஸி 15 ஆட்டத்தில் 39. வகுத்தால் 2.5, 2.6. பட்டம் செல்ஸிக்கு. அதே வகுத்தலில் லிவர்பூல் பெண்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இது ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டது. இருபது நாள் கழித்து, ஜூன் 25 அன்று, லிவர்பூல் ஆண்கள் அணி முப்பது வருஷக் காத்திருப்புக்குப் பின் பட்டம் வென்றது. ஊரே தெருவில் இறங்கியது. இரண்டு அணிக்கும் ஒரே சட்டை, ஒரே பெயர்.

ஐரோப்பாவின் மற்ற இடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டச்சுக்காரர்கள் ஏப்ரல் 24 அன்று பட்டம் யாருக்கும் இல்லை என்றார்கள். இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்த கம்பூர் மேலே ஏறலாமா என்று கிளப்புகளிடம் வாக்கெடுத்தார்கள். 16 பேர் சரி என்றார்கள், 9 பேர் கூடாது என்றார்கள், 9 பேர் எதுவும் சொல்லவில்லை, ஏற்றவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்குப் பட்டம் கொடுத்து, ஆமியான், துலூஸ் இரண்டையும் இறக்கினார்கள். பத்து ஆட்டம் மிச்சம் இருந்தது, ஆமியானுக்கு அபாயக் கோட்டைத் தாண்ட நான்கு புள்ளிதான் வேண்டியிருந்தது. உயர் நிர்வாக நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. லீக் மறுபரிசீலித்து, மறுபடி இறக்கியது. 2020-இல் நடக்க வேண்டிய ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 2021-இல் நடந்தது, யூரோ 2020 என்ற பெயரிலேயே. பெயர் அச்சிட்ட சாமான்கள் நிறையத் தயாராகிவிட்டன என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ரியோவில் ஆண்டு, ஆட்டத்தோடு நகர்ந்தது. இங்கே ஆட்டம் நகர்ந்தது, ஆண்டு நகரவில்லை.

நம் பக்கத்தில் மார்ச் 14 அன்று சென்னையின் எஃப்.சி. கோவாவில் இறுதியாட்டம் ஆடியது, ஆளில்லாத மைதானத்தில். ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. ஜெயித்த கிளப் சில மாதங்களில் மோகன் பகானோடு இணைக்கப்பட்டுத் தனியாக இல்லாமல் போயிற்று. அதன் கடைசி ஆட்டத்தை நேரில் பார்த்த ரசிகன் ஒருவனும் கிடையாது. மறுநாள், மார்ச் 15 அன்று, கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதவிருந்தன. நடக்கவில்லை, பிறகும் நடத்தப்படவில்லை. ஐ-லீக்கில் மிச்சமிருந்த 28 ஆட்டங்களோடு அதுவும் ரத்து. பட்டம் மோகன் பகானுக்கு. மார்ச் 10 அன்றே அதை ஆடி உறுதிசெய்திருந்தார்கள், ஆகவே யாரும் குறை சொல்ல முடியாது. ஈஸ்ட் பெங்காலுக்கு அது நூறாவது ஆண்டு. இரண்டு அணியும் அடுத்து மோதியது நவம்பர் 27 அன்று, கோவாவின் வாஸ்கோவில், காலி இருக்கைகள் முன்னால். கல்கத்தாவின் ஒரு பாதி மறு பாதியோடு போடும் சண்டை, கல்கத்தா இல்லாமல் நடந்தது.

காலி இருக்கைகள் ஆட்டத்தையே மாற்றின என்பதற்கு ஸ்தூலமான சாட்சி இருக்கிறது. 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஜெயித்தவர்கள் 144 முறை, வந்தவர்கள் ஜெயித்தது 153 முறை. அந்த லீக்கின் முதல் பிரிவு வரலாற்றில் இப்படி முன்பு நடந்ததில்லை. கூட்டம் அலங்காரம் இல்லை, ஆட்டத்தின் ஒரு அங்கம் என்று ரசிகன் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

2020 ஜூன் 17, இங்கே இரவு பத்தரை மணி. இங்கிலாந்தில் ஆட்டம் திரும்பிய முதல் நாள். ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைட்டடும். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மைதானம் காலி; ஆனால் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. வீடியோ விளையாட்டுக்காகப் பதிந்து வைத்திருந்த கோஷங்களை எடுத்து ஒலிபரப்பில் சேர்த்திருந்தார்கள். பந்து கோலை நெருங்கும்போது எங்கோ ஒருவர் பொத்தானைத் திருகுகிறார், ஆயிரம் தொண்டைகள் உயர்கின்றன. வெட்கமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. முதல் பாதி முடியும் தறுவாயில் ஷெஃபீல்டின் ஃப்ரீகிக் ஒன்றைப் பிடித்த வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். நான் பார்த்தேன்; பார்த்த எல்லோரும் பார்த்தார்கள். நடுவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கோல் விழுந்தால் அந்தக் கடிகாரம் அதிர வேண்டும், அதிரவில்லை. ஏழு காமிராக்களும் மறைக்கப்பட்டுவிட்டன, 9,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இதுவே முதல் முறை என்று அந்தக் கருவிக்காரர்கள் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். ஆட்டம் 0-0. ஜூலை 26 அன்று எல்லாம் முடிந்தபோது வில்லா 35 புள்ளி, கீழே இறங்கிய போர்ன்மத் 34. வில்லாவுக்கு அன்றிரவு கிடைத்தது ஒரு புள்ளி.

கேட்ட ஆரவாரம் நடக்கவில்லை, நடந்த கோல் பதிவில் இல்லை. தொண்ணூறு நிமிஷத்துக்குள் இரண்டும்.

நடந்தது எழுதப்படாமல் போவது நமக்குப் புதிதில்லை. 1918-இன் இன்புளுயன்ஸா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் உயிர்களைக் கொண்டுபோனது. நான் படித்த அளவில் நம் தமிழ் எழுத்தில் அதன் தடம் சொற்பத்திலும் சொற்பம். அங்கே அழிக்க எவருமில்லை, எழுதத்தான் எவருமில்லை. இங்கே எழுதியதை அழித்தார்கள்.

அழித்தவர்கள் அழித்ததை மறந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. அடுத்த ஸீஸனும், 2020-21, கீழ்ப்படிகளில் பாதியில் நின்றது. 2021-இல் லீக்குகளைத் திருத்தியமைக்கும்போது யாரை மேலே ஏற்றுவது என்று முடிவுசெய்ய ஆதாரம் வேண்டியிருந்தது. ஒரு ஸீஸனின் சில ஆட்டங்கள் போதவில்லை. இரண்டு ஸீஸன்களின் முடிவுகளையும் சேர்த்து வகுத்தார்கள். அதாவது இல்லை என்று அறிவித்த ஸீஸனையும் சேர்த்து. ஜெர்ஸி புல்ஸ் மேலே ஏறினார்கள். அந்த 27 ஆட்டங்களையும் எண்ணியது அவற்றை நீக்கிய அதே சங்கம்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அறிக்கை வந்த நாளில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற வடகிழக்குக் கடற்கரைக் கிளப் தன் லீக்கில் 12 புள்ளி முன்னால் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கிளப்புகளைச் சேர்த்துக் கடிதம் எழுதியது, முறையிட்டது, தோற்றது. 2021-இன் திருத்தத்தில் அதன் படிக்கு ஏற்றம் இல்லை. அதே லீக்கில் மறுபடி முதலிடத்துக்கு வந்து 2023-இல்தான் மேலே போனார்கள். கம்பூரும் அப்படித்தான், மறு ஆண்டே தன் பிரிவைத் திரும்ப ஜெயித்து, யாரிடமும் வாக்குக் கேட்காமல் ஏறியது.