இறந்தபின் சூட்டிய பெயர்

லண்டன் கிராஃப்டன் கேலரியில் 1910 நவம்பர் 8 அன்று திறக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. படங்களைத் திரட்டியவர் ரோஜர் ஃபிரை, ஓவியரும் விமர்சகருமானவர். உடனிருந்து வேலை பார்த்தவர் டெஸ்மண்ட் மெக்கார்த்தி. விளம்பரத்துக்கு உதவ ஓர் இளம் பத்திரிகையாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். ஃபிரை ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார். 'எக்ஸ்பிரஷனிஸ்ட்', அதாவது உள்ளத்தை வெளிப்படுத்துவோர், என்பதும் அவற்றில் ஒன்று. பத்திரிகையாளருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. பொறுமை இழந்த ஃபிரை, எப்படிப் பார்த்தாலும் இவர்கள் இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள்தானே, 'போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட்' என்றே வைத்துவிடுவோம் என்று பேச்சை முடித்துவிட்டார். 1945இல் மெக்கார்த்தி நினைவிலிருந்து எழுதிவைத்த செய்தி இது.

அச்சில் அந்தச் சொல் கண்காட்சிக்கு முன்பே வந்துவிட்டது. 1910 அக்டோபர் 15 தேதியிட்ட 'ஆர்ட் நியூஸ்' இதழில், விமர்சகர் ஃபிராங்க் ரட்டர் பாரிஸ் ஓவியர் ஓத்தோன் ஃபிரீஸை அப்படி அழைத்திருக்கிறார். வரவிருந்த கண்காட்சியின் விளம்பரமும் அதே இதழில் உண்டு. ஆக, அச்சேறிய ஒரு மாதத்துக்குள் சொல் கண்காட்சிச் சுவருக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரால் இன்று நாம் முதலில் நினைக்கும் நால்வரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. வின்சென்ட் வான்கோ 1890இல் இறந்தார். ஜார்ஜ் சூரா 1891இல், பால் கோகன் 1903இல், பால் செசான் 1906இல்.

'போஸ்ட்' என்றால் பிறகு. எப்போது வந்தார்கள் என்பதை மட்டும் சொல்லும் பெயர் இது. என்ன செய்தார்கள் என்பது பற்றி இதில் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தக் காலக்கணக்காவது சரிதானா என்றால், அதுவும் இல்லை. செசான் பிறந்தது 1839இல், இம்ப்ரஷனிசத்தின் தலைமகன் கிளாட் மொனே பிறந்தது 1840இல். மொனேவும் நண்பர்களும் 1874இல் நடத்திய முதல் கண்காட்சியில் செசானின் படங்களும் தொங்கின. செசான் போய் 20 ஆண்டு கழித்து, 1926இல்தான் மொனே இறந்தார். அதுவரை அல்லிக் குளத்தை வரைந்துகொண்டிருந்தார். மூத்தவரை 'பிறகு வந்தவர்' என்கிறது வரலாறு.

இம்ப்ரஷனிசம் என்ற பெயரும் வெளியாள் வைத்ததுதான். 1874 கண்காட்சியில் மொனே வைத்த லே ஹாவ்ர் துறைமுக விடியல் காட்சியின் தலைப்பில் 'இம்ப்ரஷன்' என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விமர்சகர் லூயி லெர்வா 'ஷாரிவாரி' இதழில் கேலி செய்தார். ஆனால் அந்தக் கேலி சரியான இடத்தைத் தொட்டது. ஒரு கணத்து ஒளி கண்ணில் எப்படிப் பதிகிறதோ அதை வரைவதே அவர்கள் வேலை. ஆகவே 1877இல் அவர்களே அந்தப் பெயரைத் தங்கள் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

நால்வரில் மூவருக்கு வாழ்ந்த காலத்திலேயே பெயர்கள் கிடைத்திருந்தன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர்கள்தான் முக்கியம்.

இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சி 1886இல் நடந்தது. அதில் சூரா 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்' என்ற படத்தை வைத்தார். 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். குடை பிடித்த பெண்ணும் குரங்கும் நாயும் குழந்தையும் அசைவற்று நிற்கும் அந்தத் திரை முழுக்கச் சிறுசிறு வண்ணத் தீற்றல்கள். இந்த முறைக்குப் பின்னால் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரின் ஆராய்ச்சி இருந்தது. அவர் பாரிசின் கோபெலான் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பொறுப்பாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கச் செய்கிறது என்று கண்டார். அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்று 1839இல் விரிவான நூலே எழுதினார். சூரா இதை ஓவியத்தின் இலக்கணமாக்கினார். படத்தைக் கண்ட விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் அதே ஆண்டு 'நியோ இம்ப்ரஷனிசம்' என்று எழுதினார்: புதிய இம்ப்ரஷனிசம். புள்ளி வைத்தல் என்ற பொருளில் 'பாயிண்டிலிசம்' என்று சொல்வதை சூராவின் தோழர் பால் சின்யாக் ஏற்கவில்லை. புள்ளி வெறும் கருவி, நிறத்தைப் பிரித்து வைப்பதே முறை என்பது அவர் வாதம். அதனால் பிரித்தலைக் குறிக்கும் 'டிவிஷனிசம்' என்ற சொல்லையே அவர் விரும்பினார். 1899இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பில் நியோ இம்ப்ரஷனிசம் இடம்பெற்றது. அவருக்கு அது சொந்தப் பெயர்.

கோகன் வேறு பக்கம் போனார். 1888இல் பிரித்தானி மாநிலத்துப் போந்தவான் ஊரில் 'பிரசங்கத்துக்குப் பின் தோன்றிய காட்சி' என்ற படத்தை வரைந்தார். வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள், சாய்ந்த ஒரு மரம், அதற்கு அப்பால் தேவதூதனோடு மல்லுக்கட்டும் யாக்கோபு. நிலம் முழுக்க ஒரே சிவப்பு. எந்த நேரத்து வெயிலிலும் எந்த வயலும் அந்தச் சிவப்பில் இருக்காது. கண்டதை மட்டும் வரையாமல், கண்டதையும் நினைத்ததையும் ஒன்றாக இணைத்து வரைவதை அவர் வட்டாரம் 'சிந்தெட்டிசம்' என்றது. 1889 உலகக் கண்காட்சித் திடலில் வோல்பினி என்பவரின் காபிக் கடையில் அந்தச் சொல்லைத் தாங்கிய அறிவிப்போடு படங்களை மாட்டினார்கள். அழுத்தமான கோடு போட்டு நிறங்களைப் பிரிக்கும் அந்தப் பாணிக்கு விமர்சகர் எதுவார் துய்ஜார்தான் 1888இல் 'குளோய்சனிசம்' என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார். எனாமல் நகைவேலையில் உலோகக் கம்பியால் தடுப்புக் கட்டி நிறம் நிரப்புவார்களே, அதிலிருந்து எடுத்த சொல்.

வான்கோ தானும் நண்பர்களும் சேர்ந்த கூட்டத்தை 'சின்ன புலவாரின் ஓவியர்கள்', அதாவது சின்னச் சாலையின் ஓவியர்கள், என்றார். மொனே, தெகா போன்ற இம்ப்ரஷனிஸ்டுகளின் படங்கள் பெரிய சாலைக் கடைகளில் விற்றன, இவர்களுக்கோ மோன்மார்த்ர் பக்கத்துத் தெருக்களே கதி. 1887இல் கிளிஷி சாலை உணவகம் ஒன்றின் சுவர்களில் அவரே கண்காட்சி நடத்தினார். 1890 ஜனவரியில் விமர்சகர் ஆல்பர் ஓரியே அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் 'தனித்து நிற்பவர்கள்' என்று தலைப்பிட்டார். வான்கோவோ அவருக்கு நன்றி சொல்லி, இந்தப் பெருமை கோகனுக்கும் ஓவியர் மோந்திசெல்லிக்கும் உரியது என்று பதில் எழுதினார். தனியன் என்ற பட்டத்தை அவர் மனம் ஏற்கவில்லை. ஆனால் 'இரவுக் காபிக் கடை' படத்தில் சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டு மனிதனின் கேட்டைக் காட்டியவரை, ஆர்ல் நகரத்து வெயிலைத் திரையில் தடித்த சாந்தாகப் பூசியவரை, வேறு எந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியும்? ஓரியேயின் சொல்தான் சரி என்பேன்.

செசானுக்குத்தான் பெயரே இல்லை. எக்ஸ் ஊருக்கு வெளியே நிற்கும் சேன்த் விக்தோர் மலையை மீண்டும் மீண்டும் வரைந்தார். ஒரே திசையில் சாயும் தூரிகை வீச்சுகளை அடுக்கடுக்காக வைத்து மலையைக் கட்டினார். அவர் மேசை ஒரு பக்கம் சரிந்தே இருக்கும், ஆனாலும் ஆப்பிள் உருளாது. கணத்து ஒளியில் கரைந்த உலகத்துக்கு மறுபடியும் எடை கொடுத்த மனிதர் அவர்.

ஃபிரை முதலில் சொல்லிப் பார்த்த 'எக்ஸ்பிரஷனிஸ்ட்' நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வான்கோவுக்குப் பொருந்தியிருக்கும், கோகனுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் அளந்து அளந்து நிறம் வைத்த சூராவை உணர்ச்சி கொட்டியவராகவும், மலையின் முன் பொறுமையாக நின்ற செசானை உள்ளக் கொந்தளிப்புக்காரராகவும் நாம் படித்திருப்போம். அந்தப் பொய்யிலிருந்து அவர்களைக் காத்தது அந்தப் பத்திரிகையாளரின் பிடிவாதம். பிறகு அந்தச் சொல் ஜெர்மானிய ஓவியர்களிடம் போய், தனக்குரிய வீட்டைக் கண்டது.

எதையும் சொல்லாத பெயர் எவரையும் உள்ளே விடும். 1910 கண்காட்சியிலேயே உயிரோடிருந்த சின்யாக், மத்தீஸ், பிக்காசோ மூவரின் படங்களும் அதே தலைப்பின்கீழ் தொங்கின. தன் கூட்டத்துக்குச் சொந்தப் பெயர் வைத்திருந்த சின்யாக்கையும் லண்டன் இன்னொரு பெயரில் எழுதிக்கொண்டது. 1912இல் ஃபிரை இரண்டாவது கண்காட்சி நடத்தியபோது ஆங்கிலேயரும் ரஷ்யரும் சேர்ந்தனர். இந்தப் பெயருக்கு வரம்பு கட்ட முயன்றவர் கலை வரலாற்றாளர் ஜான் ரிவால்ட். 1956இல் வெளிவந்த அவரது பெரிய நூலுக்குப் 'போஸ்ட் இம்ப்ரஷனிசம்: வான்கோவிலிருந்து கோகன் வரை' என்று பெயர். கோகனிலிருந்து மத்தீஸ் வரை இன்னொரு தொகுதி எழுதவும் திட்டமிட்டிருந்தார். அது முடிக்கப்படவே இல்லை.