புரத மாதிரிகளில் எக்ஸ் கதிர்ச் சேதம் தணித்தல்

எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் புரதத்தின் அமைப்பை அறியும் ஆய்வுகளில், அக்கதிராலேயே மாதிரி சிதைவதைக் குறைக்கும் முறைகள். படிகங்களைக் கொண்டு செய்யும் விளிம்பு விளைவு ஆய்வுக்கும், கரைசலில் செய்யும் சிறுகோணச் சிதறல் ஆய்வுக்கும் இவை இன்றியமையாதவை.

சேதத்தின் காரணம்

1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கதிர் 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படிகத்தில் விழுந்தால், ஏறத்தாழ 98 விழுக்காடு எதனோடும் மோதாமல் வெளியேறிவிடும். எஞ்சிய 2 விழுக்காட்டின் பெரும்பகுதி ஒளிமின் விளைவில் உட்கவரப்படுகிறது. சிறு பகுதியே ஆய்வுக்குப் பயன்படும் சிதறலாகிறது. விடுபடும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான அயனியாக்கங்களை உண்டாக்கும். நீர் மூலக்கூறுகள் பிளந்து தோன்றும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும் புரதத்தைத் தாக்கும். ஓரலகு நிறையில் உட்கவரப்படும் ஆற்றல் கிரே என்னும் அலகில் கணக்கிடப்படுகிறது.

தொடக்கக் காலம்

1934இல் பெர்னலும் டோரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை அது வளர்ந்த நீர்மத்திலேயே வைத்துப் படம் எடுத்தனர். உலர்ந்தால் படிகத்தின் ஒழுங்கு குலைந்துவிடும். ஒழுங்கைக் காத்த அந்த நீரே கதிர்பட்டதும் சேதத்துக்கும் வழிவகுத்தது. 1962இல் பிளேக், ஃபிலிப்ஸ் இருவரும் மையோகுளோபின் படிகங்களில் சேதத்தை அளந்தனர். உட்கவரப்படும் ஒரு ஃபோட்டான் சுமார் 70 மூலக்கூறுகளைச் சிதைத்து, மேலும் 90 மூலக்கூறுகளின் ஒழுங்கைக் குலைக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. படிகங்களை அடுத்தடுத்து மாற்றித் தரவுகளை இணைப்பதே அன்றைய வழக்கம்.

குளிர்வித்தல்

1970இல் ஹாஸ், ராஸ்மன் ஆகியோர் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் படிகத்தைச் சுக்ரோஸ் கரைசலில் ஊறவைத்துக் குளிர்வித்து, சேதம் குறைவதைக் காட்டினர். நீர் உறைந்து பனிப்படிகமானால் புரதப் படிகம் நொறுங்கும். எனவே நீரைக் கண்ணாடி போன்ற நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் பணியாற்றிய ஹோகோன் ஹோப், படிகத்தின் மேல் ஒட்டிய நீர்மத்தை அகற்றி எண்ணெய் பூசி நொடியில் குளிர்விக்கும் முறையை 1988இல் வெளியிட்டார். கதிர் பட்ட சிறிது நேரத்திலேயே அழிந்துவந்த ரைபோசோம் படிகங்களுக்கு அடா யோனத்துடன் சேர்ந்து அவர் இதைப் பயன்படுத்தியது இத்துறையின் திருப்புமுனை. ரைபோசோம் ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு யோனத், ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஆகியோருக்குக் கிடைத்தது.

1990இல் டெங் என்பவர் படிகத்தை மெல்லிய வளையம் ஒன்றில் நீர்மப் படலத்தோடு ஏந்தினார். படலத்தின் பரப்பு இழுவிசையே படிகத்தைத் தாங்கும். அதனால் அது அழுத்தமின்றி இருக்கும், விரைவில் குளிரும். எளிமையும் அழகும் கூடிய இவ்வேற்பாடு பின்னர் நைலான் இழை வளையமாக ஆய்வுக்கூடங்கள் எங்கும் பரவியது. கிளிசரால் போன்ற உறைகாப்புப் பொருளில் தோய்த்த படிகம் 100 கெல்வின் நைட்ரஜன் வளி ஓட்டத்தில் வைக்கப்படுகிறது. அறை வெப்பநிலையோடு ஒப்பிட அதன் ஆயுள் சராசரியாக 70 மடங்கு கூடுவதாகக் கூறுவர்.

தாங்கும் வரம்பு

குளிர்வித்த படிகம் தாங்கும் அளவை 1990இல் ஹென்டர்சன் 20 மெகாகிரே எனக் கணித்தார். ஓவனும் கார்மனும் உள்ளிட்ட குழு 2006இல் 30 மெகாகிரே என்ற அளவைச் சோதனைவழிப் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டின் ஆய்வுகள் டைசல்பைடு பிணைப்புகள் முதலில் முறிவதைக் காட்டின. ஆகவே உயிர்வேதியியல் முடிவுகளுக்கு வரம்பு இன்னும் தாழ்ந்தது எனக் கருதுவோர் உண்டு. தனி உறுப்புகளைத் துடைக்கும் அஸ்கார்பேட் முதலியவை 100 கெல்வினில் பயனளிக்குமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

கரைசல் மாதிரிகள்

இங்குச் சேதம் புரதங்கள் ஒன்றோடொன்று திரள்வதாக வெளிப்படும். கரைசலை நுண்குழாயில் ஓடவிடுதல், கதிரை நலிவித்தல், கிளிசரால் சேர்த்தல், குறுகிய நேரப் படங்களை ஒப்பிட்டு மாறியவற்றை நீக்குதல் ஆகியன வழக்கிலுள்ளன.

அண்மைக் காலம்

மிகக் குறுகிய கதிர்த் துடிப்பைப் பாய்ச்சினால் சேதம் பரவுமுன் தரவைப் பெறலாம் என 2000இல் நாய்ட்ஸே குழுவினர் கணித்தனர். 2011இல் ஸ்டான்ஃபோர்டு எக்ஸ் கதிர் லேசரில் ஒளித்தொகுதி I புரதத்தின் நுண்படிகங்களைக் கொண்டு சாப்மன் குழுவினர் அதை நிறுவினர். எனினும் பெரும்பாலான புரதப் படிகங்கள் இன்றும் 100 கெல்வின் குளிரிலேயே அளக்கப்படுகின்றன.