தவக்காலப் பணிஸ்: பாலும் முட்டையும் சேர்க்காமல் வீட்டில் சுடும் முறை

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து வரும்போது பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். கடைப் பணிஸில் அநேகமாகப் பால்மா இருக்கும், மேலே முட்டை பூசியிருப்பார்கள். பற்றீஸ் மா மாஜரினில் குழைத்தது. நாற்பது நாளும் இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விடுவதாக நேர்ந்துகொண்ட வீடுகளுக்கு இவை ஒன்றும் ஆகாது. இலுப்பைக்கடவையில் அப்படியான ஒரு வீட்டில் பணிஸ் சுடுவதைக் கூட இருந்து பார்த்தேன். கேட்டதையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

திருச்சபை இன்று இவ்வளவு கேட்பதில்லை. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தளர்த்திய ஒழுங்குகளின்படி சுத்தபோசனம் என்பது இறைச்சியை விடுவது மட்டுமே. பாலுக்கும் முட்டைக்கும் தடை இல்லை. 14 வயதுக்கு மேல் சுத்தபோசனம், 18 முதல் 59 வரை ஒருசந்தி. நோயாளருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பழைய வழக்கம் கடுமையானது. மத்திய கால ஐரோப்பாவில் வெண்ணெயும் தவக்காலத்தில் விலக்குத்தான். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். வெண்ணெய் உண்ண அனுமதி கேட்டவர்கள் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்பார்கள். கீழைத் திருச்சபைகளில் பால் விலக்கு இன்றும் இருக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பில் பாலும் முட்டையும் மீனும் விலக்கு. பெரிய வியாழன் இரவு அவர்கள் பிட்கும் பெசகா அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ‘பால்’ தேங்காய்ப்பாலும் வெல்லமும்தான்.

எங்களுக்கும் வழி தேங்காய்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பற்றீஸ், பேஸ்ரி போன்றவை அடுக்கடுக்காக வருவதற்குக் கொழுப்பு இறுகி இருக்கவேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். மன்னார்க் கரை வெக்கையில் அது எப்போதும் தண்ணீர்தான். அதனால் அடுக்கு மாவை மறந்துவிட்டு ஈஸ்ட் போட்ட பணிஸ் மாவுக்குப் போவதே புத்தி. மாஜரின் வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் பெட்டியின் பின்புறத்தை வாசியுங்கள். மரக்கறிக் கொழுப்பு என்று முன்னால் போட்டிருந்தாலும் பால் திண்மமோ மோர்ப்பொடியோ சேர்ந்திருக்கலாம்.

அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 2 மேசைக்கரண்டி சீனி, ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட், 1 தேக்கரண்டி உப்பு, 3 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், ஏறத்தாழ 275 மில்லிலீற்றர் இரண்டாம் பால். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். அதற்கு மேல் சூடென்றால் ஈஸ்ட் செத்துவிடும். பத்து நிமிடம் நன்றாக அடித்துக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். எங்கள் காலநிலையில் 45 நிமிடத்திலேயே இரட்டிப்பாகும், புத்தகத்தில் ஒன்றரை மணித்தியாலம் என்று இருந்தாலும் நம்பவேண்டாம். 14 உருண்டை வரும்.

உள்ளே வைப்பதில்தான் கைப்பக்குவம். கடற்கரை ஊரில் மீன் சுத்தபோசனத்துக்கு ஆகும் என்பதால் பாரை அல்லது சூரையை மஞ்சள், உப்புப் போட்டு அவித்து, முள் எடுத்து உதிர்த்து, அவித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய மிளகுத்தூள் சேர்த்துப் பிரட்டுவார்கள். உருளைக்கிழங்கு விலையேறிய நாட்களில் மரவள்ளி. எனக்கு அதுதான் கூடப் பிடித்தது. மச்சமே வேண்டாம் என்பவர்களுக்குச் சீனிச்சம்பல்: அரைக் கிலோ வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் விட்டு, செத்தல் மிளகாய்த்தூள், பழப்புளி, கறுவா, ஏலம், கடைசியில் சீனி. மாசியைப் போடாமல் விட்டால் போதும். இனிப்புக்கு, மோதகத்துக்கு வைப்பதுபோல வறுத்து அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும். எதுவானாலும் சட்டியில் ஈரம் வற்றி, முழுதாக ஆறியபிறகுதான் மாவுக்குள் போகவேண்டும். சூட்டோடு வைத்தால் அடி நொதுநொதுத்து, ஓரம் பிளந்து வழியும். பனங்கட்டி இந்த விசயத்தில் மோசம்.

மூடிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் அடுக்கி இன்னும் 20 நிமிடம் பொங்க விடுங்கள். முட்டைக்குப் பதிலாக முதற்பாலில் சிட்டிகை சீனி கரைத்துப் பூசலாம். முட்டையின் பளபளப்பு வராது, பொன்னிறம் வரும்.

போறணை இல்லாத வீடுகளே இங்கு அதிகம். (போறணை போர்த்துக்கேயச் சொல், பாணும் அவர்கள் விட்டுப்போனதே. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்கள். வன்னியில் பிறகு வந்த ‘வெதுப்பகம்’ என்ற சொல்லை இப்போதும் கடைப் பலகைகளில் பார்க்கலாம்.) மின்போறணை இருந்தால் 190 பாகையில் 18 முதல் 20 நிமிடம். இல்லாவிட்டால் பெரிய அலுமினியக் கிடாரத்தில் கழுவிக் காயவைத்த மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மூன்று கல் வைத்து, மூடி, கால் மணித்தியாலம் சூடேற்றுங்கள். பிறகு தட்டைக் கல்லின்மேல் இறக்கி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டவேண்டும். கீழே நெருப்பைக் குறைத்து, மேலே தணலைக் கூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் 15 நிமிடம் திறக்கக்கூடாது. அடியைத் தட்டினால் வெற்றுப்பெட்டி மாதிரிச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது.

2022 தவக்காலம் மார்ச் 2இல் தொடங்கியது. அந்த மாதமே 400 கிராம் பால்மா 250 ரூபாய் கூடி 790 ஆனது, எரிவாயுவுக்கு வரிசை. அந்த வருடம் பால் சேர்க்காததற்கு நேர்த்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதை நான் சொன்னதும் பணிஸ் சுட்ட அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. 2008இல் இந்தக் கரை வீதியில் இருந்த சனங்கள் கிழக்கே கிழக்கே என்று போனார்கள். அந்த ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுருவத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. அவர் அப்போது மாத்தளனில், பங்கருக்குள், மூன்று பிள்ளைகளோடு.

“அது பட்டினி பிள்ளை. ஆரும் கேட்டு விடேல்லை. இது நானா விடுறது” என்றார். பேரப்பிள்ளைகளை அவர் நோன்பிருக்க விடுவதில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் இதே பணிஸ்தான், ஆனால் தேத்தண்ணிக்குப் பால் உண்டு.

இந்தப் பணிஸ் நாள்பட இருக்காது. தேங்காய்ப்பால் சேர்ந்த மாவும் மீன் உள்ளீடும் இந்த வெக்கையில் அடுத்த நாள் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சீனிச்சம்பல் என்றால் இரண்டு நாள் தாங்கும். அதனால் அவர் 14 சுட்டால் வீட்டுக்கு ஆறு வைத்துக்கொண்டு, மிச்சத்தை இருட்டுமுன் அயல்வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்.