பெயரேடும் பெருவணிகமும்

இன்று இணையத்தளம் ஒன்றினுள் நுழையும் எவரும், தம்மை அறியாமலே ஓர் ஏட்டிற் பதிவாகின்றனர். எந்நேரம் வந்தார், எதனைப் பார்த்தார், எதனை வாங்க எண்ணிப் பின் கைவிட்டார் என்பனவெல்லாம் அவ்வேட்டில் ஏறுகின்றன. "மறைக்க ஏதுமில்லாதவன் அஞ்சுவானேன்?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு வரலாறே மறுமொழி கூறட்டும்.

நெதர்லாந்திலே, இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே, ஒழுங்காகப் பேணப்பட்ட குடிமக்கள் பதிவேடு இருந்தது. பெயர், முகவரி, சமயம் ஆகியன அதிற் குறிக்கப்பட்டன. நிருவாக வசதியே அதன் நோக்கம். 1940 மே மாதத்தில் நாஸிப் படைகள் நாட்டைக் கைப்பற்றியதும் ஏடு அவர்கள் கைக்கு மாறியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 140,000 யூதரில் 100,000 பேருக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அக்கொடுமைக்கு ஏடு ஒன்றே காரணமன்று. ஆயினும் வேட்டையை எளிதாக்கிய கருவிகளுள் அதுவும் ஒன்று. இதனை உணர்ந்த எதிர்ப்பியக்கத்தினர் 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு ஆம்ஸ்ரடாம் பதிவகத்துக்குத் தீ மூட்டினர். அதற்காகப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

தொலைநாட்டுக் கதையென்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. 1983 ஆடி மாதத்திலே கொழும்பு நகரில் வாக்காளர் இடாப்புகளைக் கையிற் கொண்டு வந்தோர், தமிழர் வீடுகளைத் தேர்ந்து தாக்கினர் என்பதைப் பலரும் பதிவு செய்துள்ளனர். வாக்குரிமைக்கென எழுதப்பட்ட பெயர், உயிருக்கே உலையாயிற்று. அதே ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் அரசு நடத்தவிருந்த குடிசன மதிப்பீட்டை மக்கள் எதிர்த்தெழுந்தனர். டிசெம்பர் 15ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எவ்வாறு பயன்படல் வேண்டுமெனத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. ஒரே ஆண்டு, ஓரிடத்திற் பெயரேடு தீப்பந்தத்துக்கு வழிகாட்டியது, மற்றோரிடத்திற் பெயருக்கு உரியவனே அதன் தலைவனென நிலைநாட்டப்பட்டது.

இனி இணையத்துக்கு வருவோம். தொடக்கத்தில் இணையத்தளங்களுக்கு நினைவாற்றல் இல்லை. மீண்டும் வருபவரையும் அவை புதியவராகவே கருதின. 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருலி என்னும் இளைஞர் இக்குறையைத் தீர்த்தார். வருபவரின் கணினியிலேயே சிறு குறிப்பொன்றை இட்டுவைப்பதே அவர் கண்ட வழி. குக்கி எனப்படுவது இதுவே. எல்லாத் தளங்களும் அறியத்தக்க ஒரே நிலையான எண்ணை ஒவ்வொருவருக்கும் வழங்கலாம் என்ற யோசனையை அவர் விலக்கினார்; அது மக்களைப் பின்தொடர உதவும் என அஞ்சினார். குக்கியை, இட்ட தளம் மட்டுமே படிக்க முடியும்.

ஆனால் வணிகம் வேறு வாயில் கண்டது. ஒரு தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனம் ஒன்றின் படம் இடம்பெறுமாயின், அந்நிறுவனமும் தன் குக்கியை இடலாம். கடைக்காரன் ஒருவன் நம் முகத்தை நினைவிற் கொள்வதிற் தீங்கில்லை. ஆயிரம் கடைகளின் வாயிலிலும் ஒருவனே நின்று குறிப்பெடுப்பானாயின், நம் வாழ்வு முழுவதும் அவன் கையில் அடங்கிவிடும். இத்தகைய குக்கிகளை இயல்பாகவே தடுத்தல் வேண்டுமென 1997 பெப்ரவரியில் வெளிவந்த தொழில்நுட்ப நியமம் கூறிற்று. அன்றைய முதன்மை உலாவிகளை ஆக்கிய நிறுவனங்கள் அதனைப் பின்பற்றவில்லை.

1999ஆம் ஆண்டில் டபிள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம், மக்களின் பெயரும் முகவரியும் கொள்வனவு விபரமும் சேர்த்துவைத்திருந்த அபாக்கஸ் டிரெக்ற் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பெயரற்ற குறிப்புகளோடு பெயர்களை இணைப்பதே திட்டம். மக்கள் கொதித்தெழுந்தமையால் 2000 மார்ச்சில் அது பின்வாங்கியது. எனினும் 2008இல் டபிள்கிளிக்கை 310 கோடி டொலருக்குக் கூகிள் தனதாக்கியது. இரு தரவுகளையும் பிரித்துவைக்கும் வாக்குறுதியை 2016இல் தன் கொள்கையிலிருந்து நீக்கியது. வாக்குறுதி கொடுத்தவனே அதனை அழிக்கவும் வல்லனாயின், அது பாதுகாப்பாகுமா?

பாதுகாப்பு, சட்டத்திலும் அதனைக் காக்கும் மக்கள் விழிப்பிலுமே தங்கியுள்ளது. 1970இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் இத்துறையில் உலகின் முதற் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறுவோருக்கு உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்க அது இடமளிக்கிறது. இலங்கைப் பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் தனிப்பட்ட தரவுகளைக் காக்க முற்பட்டது.

சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. எதற்காகக் கேட்கிறாய், எவருக்குக் கொடுப்பாய், எப்போது அழிப்பாய் என்னும் மூன்று வினாக்களையும் பெயர் கேட்கும் ஒவ்வொருவனிடமும் நாம் எழுப்புதல் வேண்டும். ஏட்டை எழுதியவன் நல்லவனாக இருந்திருக்கலாம். அடுத்து அதனைக் கையில் எடுப்பவன் யாரென அவனும் அறியான். ஆதலின், தேவைக்கு மிஞ்சி எழுதாதிருத்தலே முதற் காவல்.